பிலோவீலா நாட்குறிப்பு: குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டில் ஒரு வாரம்

திங்கள்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத் தலைநகரான பிரிஸ்பேனிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பிலோவீலா. பக்கத்திலுள்ள தாங்கூலில் சிறிய விமான நிலையம் உண்டு. ஆனாலும் வழியிலுள்ள ஊர்களையும் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பர்னெட் நெடுஞ்சாலையில் காரிலேயே வந்தேன். மே மாதம் கெய்ண்டாவில் மாண்டரின் ஆரஞ்சு பறிக்கும் காலம். பழத்தோட்டங்களின் வாசலில் பழப்பைகளை மேசைமேல் அடுக்கி, பக்கத்தில் பூட்டிய சிறு உண்டியல் ஒன்றை வைத்திருக்கிறார்கள்; விற்பதற்கு ஆள் கிடையாது, நாமே காசு போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐட்ஸ்வோல்ட், மொன்டோ என்று ஊர்கள் வரவர வாகனங்கள் குறைந்துகொண்டே போயின. மொன்டோவைத் தாண்டியபின் எதிரே வந்த ஓட்டுநர்கள் ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கைப் பிடித்த கையின் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். சற்று நேரத்தில் என் விரலும் தானாக உயரத் தொடங்கிவிட்டது.

இங்குள்ள மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் என் சித்தி மகளின் வீட்டில் தங்கியிருக்கிறேன். மதுரையில் படித்து, பிரிஸ்பேனில் சில காலம் வேலை பார்த்து, ஒப்பந்தப் பணியாக இங்கே வந்தவள். "அண்ணா, இங்கே பார்க்கறதுக்கு என்ன இருக்குன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க பார்க்கறதுக்குன்னு எங்கேயும் போகாதீங்க, சும்மா இருந்து பாருங்க" என்று சொல்லித்தான் அழைத்திருந்தாள். அதன்படியே இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஊரின் மக்கள்தொகை சுமார் 5,700. காலைட் பள்ளத்தாக்கில், டாசன் நெடுஞ்சாலையும் பர்னெட் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில், பனானா வட்டார ஆட்சிமன்றத்தின் தலைமையிடமாக இருக்கிறது. பழங்குடியினரான காங்காலு மக்களின் பாரம்பரிய நிலம் இது. 1920-களில் அரசு இந்தப் பள்ளத்தாக்கைச் சிறு பண்ணைகளாகப் பிரித்துக் குடியேற்றியபோது உருவான ஊர் என்பதால், தெருக்கள் தேவைக்கு மேல் அகலமாக இருக்கின்றன. அடிமரம் பருத்து உப்பியிருக்கும் குவீன்ஸ்லாந்து பாட்டில் மரங்கள் ஆங்காங்கே நிற்கின்றன.

செவ்வாய்

விடியும் முன்பே ஊர் எழுந்துவிடுகிறது. ஐந்தரை மணிக்கு நடக்கப் போனபோது பேக்கரியின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே வரிசையில் நின்றவர்கள் அனைவரும் ஒளிரும் பட்டை தைத்த மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்திருந்தார்கள். இறைச்சித் தொழிற்சாலை, காலைட் நிலக்கரிச் சுரங்கம், காலைட் அனல்மின் நிலையம் ஆகிய மூன்றும்தான் ஊரின் பெரும்பகுதிக்குச் சோறு போடுகின்றன. சட்டையைப் பார்த்தே யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கடைக்காரப் பெண்மணிக்குத் தெரிகிறது. யாருக்கு இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, யாருக்குக் காப்பி மட்டும் என்பதும் தெரிகிறது. நான் வாய் திறக்கும் முன்பே, "மருத்துவமனைச் செவிலியரின் அண்ணன் நீங்கள்தானே" என்று கேட்டார். நான் ஊருக்குள் வந்து பதினைந்து மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

மின் நிலையத்தைப் பற்றி இங்கே யாரிடம் பேசினாலும் 2021ஆம் ஆண்டு மே 25ஆம் தேதியில் வந்து நிற்கிறார்கள். அன்று சி-4 என்னும் அலகின் டர்பைன் வெடித்துச் சிதறியது. அதைத் தொடர்ந்து மற்ற நிலையங்களும் நின்றுபோக, குவீன்ஸ்லாந்தில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றது. பிரிஸ்பேனில் போக்குவரத்து விளக்குகள் அணைந்த செய்தியைத்தான் அன்று நாடெங்கும் பெரிதாகப் பேசினார்கள். இந்த ஊரிலோ, உள்ளே போன கணவனும் மகனும் பத்திரமாக வெளியே வந்தார்களா என்பதே கேள்வியாக இருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. அந்தச் செய்தி வரும்வரை கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றதாக, தங்கையுடன் வேலை செய்யும் மூத்த செவிலியர் ஒருவர் சொன்னார்.

புதன்

இரவு சிறிது மழை பெய்தது. காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக் கம்பத்தில் பொருத்தியிருந்த மழைமானியைக் கழற்றிக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பகுதி குறுகிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் அது. "எட்டு மில்லிமீட்டர்" என்று என்னிடம் அறிவித்தபின்தான் காலை வணக்கம் சொன்னார். வீட்டுக்குள் அழைத்துச் சென்று தம் தந்தையார் காலத்திலிருந்து எழுதிவரும் மழைக் குறிப்பேடுகளைக் காட்டினார். ஆஸ்திரேலியா மழையை மில்லிமீட்டரில் அளக்கத் தொடங்கியது 1974இல். அதற்கு முந்தைய ஏடுகளில் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கான பாயிண்ட் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். மழை பெய்யாத மாதங்களுக்கும் ஒரு வரி உண்டு. அதில் கோடு மட்டும் இழுத்திருந்தது. சில பக்கங்களில் வரிசையாக வெறும் கோடுகள். அந்த ஆண்டுகளில் மாடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நெடுஞ்சாலை ஓரத்துப் புல்லை மேயவிட்டு மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போனோம், மிச்சத்தை வந்த விலைக்கு விற்றோம் என்றார். அன்று நண்பகல் வானொலியில் 'கன்ட்ரி ஹவர்' ஒலித்தபோது அவர் வீட்டிலும், அடுத்த வீட்டிலும், கார் பழுதுபார்க்கும் கடையிலும் ஒரே குரல் கேட்டது. 1945ஆம் ஆண்டிலிருந்து ஒலிபரப்பாகிவரும் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி அது.

பிற்பகலில் பழைய துணிகளும் பாத்திரங்களும் விற்கும் தொண்டுக் கடைக்குத் தங்கை அழைத்துப் போனாள். தமிழர்கள் இந்த ஊரின் பெயரை அறிந்ததற்குக் காரணமான குடும்பத்தின் தலைவர் நடேசலிங்கம், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே இத்தகைய தொண்டுக்கும் நேரம் ஒதுக்கியவர். அவரும் அவர் மனைவி பிரியாவும் இலங்கையிலிருந்து தனித்தனியே படகில் வந்து, ஆஸ்திரேலியாவில் சந்தித்து மணந்து, இந்த ஊரில் குடியேறினார்கள். பிரியாவின் தற்காலிக விசா காலாவதியான மறுநாள், 2018ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி விடியற்காலையில், எல்லைக் காவல் அதிகாரிகள் வந்து குடும்பத்தை இரு பெண்குழந்தைகளுடன் அழைத்துச் சென்றார்கள். மெல்பர்னில் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டிருந்தவர்களை 2019 ஆகஸ்டில் நாடு கடத்துவதற்காக விமானத்தில் ஏற்றினார்கள். நீதிமன்றத் தடையாணையால் அது டார்வினில் தரையிறங்கியது. அதன்பின் கிறிஸ்மஸ் தீவில் இரண்டாண்டுகளை நெருங்கும் காலம் கழிந்தது. 2021 ஜூனில் இளைய குழந்தை நோயுற்று, சிகிச்சைக்காகப் பெர்த் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2022 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூன் 10ஆம் தேதி, தாங்கூல் விமான நிலையத்தில் ஊர் திரண்டு நிற்க, குடும்பம் வந்திறங்கியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

இவை எல்லாரும் படித்தவைதாம். எனக்கு அறிய வேண்டியிருந்தது வேறொன்று. பழமைவாதக் கட்சிக்கே பெரும்பாலும் வாக்களித்துவரும் தொகுதி இது. படகில் வந்தவர்களுக்கு இடமில்லை என்ற கொள்கையை இங்கே பலரும் ஆதரித்தார்கள். அப்படியிருக்க, இந்த ஊர் ஏன் நான்காண்டுகளுக்கு மேலாக ஓயாமல் போராடியது? சமூகப் பணியாளரான ஆஞ்சலா ஃபிரெட்ரிக்ஸ் போன்ற சிலர் தொடங்கிய மனுவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டது எப்படி?

தொண்டுக் கடையில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த முதிய பெண்மணி சொன்ன விடை எனக்குப் போதுமானதாக இருந்தது. "அரசியல் எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை வரவேண்டிய ஆள் வரவில்லை. அவர் எங்கே என்று கேட்டோம். கேட்டுக்கொண்டே இருந்தோம்" என்றார். இருப்பவர்களே கொஞ்சம் பேர். அவர்களுள் ஒருவர் வராவிட்டால் அவர் தூக்கவேண்டிய பெட்டி தரையிலேயே கிடக்கிறது. பெருநகரத்தில் ஒரு குடும்பத்தை இரவோடிரவாகக் கொண்டுபோனால் பக்கத்து மாடிக்கு எப்போது தெரியும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நான் வாழும் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது.

அந்தக் குடும்பத்தை நான் தேடிப் போகவில்லை. வேண்டிய மட்டும் கேமராக்களைப் பார்த்துவிட்டவர்கள் அவர்கள். கடைக்குப் போய்வரும் நேரத்தில் இன்னொரு தமிழன் வழிமறித்துக் கதை கேட்கத் தேவையில்லை.

வியாழன்

பெரியவரின் மருமகன் பண்ணைக்கு அழைத்துச் சென்றார். பருத்தி எடுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. இலைகளை உதிர்க்க மருந்து தெளித்த வயலில் காய்ந்த குச்சிகளும் வெண்பஞ்சும் மட்டும் நின்றன. ஆறு வரிசைகளை ஒரே நேரத்தில் எடுக்கும் இயந்திரம், போகும் போக்கிலேயே பஞ்சை உருளையாகச் சுருட்டி, மஞ்சள் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, பின்புறமாகத் தரையில் இறக்கிவிட்டுப் போகிறது. ஓர் உருளை இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும். அத்தனை பெரிய வயலில் ஓட்டுநர், டிராக்டர்காரர், பண்ணையார் ஆகிய மூவர் மட்டுமே இருந்தார்கள். ஒரு காயைப் பறித்துப் பிரித்தேன்; ஓட்டின் கூர்முனை விரலைக் கீறியது, பஞ்சுக்குள் விதைகள் கெட்டியாக இருந்தன. என் பாட்டி பருத்தி எடுக்கப் போய்வந்த நாட்களில் விரல்நுனிகளில் எண்ணெய் தடவிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

பாசனம் முழுவதும் ஓடைகளை ஒட்டிய வண்டல் மண்ணின் அடியிலிருந்து குழாய்க் கிணறுகள் மூலம் எடுக்கும் நீர்தான். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அளவு உண்டு, மீட்டர் உண்டு.

பருத்தி எடுத்த நிலத்துக்கு அடுத்த வயலில் கொண்டைக்கடலை விதைக்கப் போகிறார்கள். நாம் சுண்டல் செய்யும் அதே சிறிய கறுப்புக் கடலை. ஆஸ்திரேலியர்கள் அதைச் சாப்பிடுவது குறைவு. விளைவதில் பெரும்பங்கு இந்தியத் துணைக்கண்டத்துக்கே கப்பலேறுகிறது. 2017 டிசம்பரில் இந்தியா 30 விழுக்காடு இறக்குமதி வரி விதித்து, 2018 மார்ச்சில் அதை 60 விழுக்காடாக உயர்த்தியபோது, இந்த வட்டாரத்து விவசாயிகள் கடலை விதைப்பதைப் பெருமளவு குறைத்துக்கொண்டார்கள். 2024 மே மாதம் வரி நீக்கப்பட்டதும் மறுபடி விதை தேடி அலைந்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி 10 விழுக்காடு வரி வந்தது. புது தில்லியில் வெளியாகும் ஓர் அறிவிப்பு இந்த மண்ணில் எந்த விதை விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. மராட்டியத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் மழை எப்படி என்று அவர் என்னைக் கேட்டார்; எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கே அதிகம் தெரிந்திருந்தது. தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பதையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். பண்டிகைக்கு முன் சரக்கு போய்ச்சேர்ந்தால் நல்ல விலை கிடைக்குமாம்.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி, சாலையோரம் மிஞ்சியிருந்த காட்டுக் கீற்று ஒன்றைக் காட்டினார். வெள்ளி படர்ந்த சாம்பல் இலைகள், கரடுமுரடான கரும்பட்டை. பிரிகலோ என்னும் அக்கேசியா மரம். 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசே கடன் கொடுத்து, இந்த வட்டாரத்தின் பிரிகலோ காடுகளை அழித்துப் பண்ணைகள் ஆக்கச் செய்தது. இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே கனத்த சங்கிலியைக் கட்டி இழுத்துக் காடு காடாகச் சாய்த்தார்கள். இன்று அந்தக் காட்டின் எச்சங்கள் பாதுகாக்கப்பட்டவை, அனுமதியின்றி வெட்டக்கூடாது. "என் தாத்தாவிடம் காட்டை வெட்டச் சொன்ன அதே அரசு, என்னிடம் அதைத் தொடாதே என்கிறது. இரண்டுக்கும் அந்தந்தக் காலத்தில் காரணம் இருந்தது" என்றார். மரத்தடியில் சப்பாத்திக் கள்ளி ஒன்று கிடந்ததைக் காலால் புரட்டினார். ஒரு காலத்தில் கோடிக்கணக்கான ஏக்கரை மூடியிருந்த அந்தக் கள்ளியை, அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்து 1926 முதல் பரப்பிய ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழுக்கள் சில ஆண்டுகளில் தின்று தீர்த்தன. அதற்குப் பின்னரே குவீன்ஸ்லாந்தின் பல உள்நாட்டு வட்டாரங்களில் உழவு செய்ய முடிந்தது.

வெள்ளி

தங்கைக்கு இரவுப் பணி. பகலில் தாங்கூல் பக்கம் ஸ்கோரியா மலையின் அடிவாரத்தில் சிறிது நடந்தேன். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் தூண்கள் செங்குத்தாக அடுக்கி நிற்கின்றன. மாலை ஊர் மதுவிடுதியில் இறைச்சித் தட்டுக் குலுக்கல். ஒரு சீட்டு இரண்டு டாலர். வெல்பவருக்கு ஸ்டேக், சாசேஜ், சாப்ஸ் அடுக்கிய தட்டு. வசூல் சிறுவர் விளையாட்டுச் சங்கத்துக்கு. தட்டை வென்ற இளைஞர் அதை அப்படியே மறுபடி குலுக்கலுக்குக் கொடுத்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை, அது இங்கே வழக்கம் போலும்.

சனி

சிறுவர்களின் விளையாட்டுப் போட்டிகள். ஊரே மைதானத்தில் இருந்தது. ரக்பி லீக் ஒருபுறம், கூடைப்பந்து போன்ற நெட்பால் மறுபுறம். எதிரணிகள் மூரா, தியோடர், கிளாட்ஸ்டோன் என்று வெகுதூரத்திலிருந்து வருகின்றன. ஒன்பது வயதுப் பிள்ளை நாற்பது நிமிடம் ஆடுவதற்காகப் பெற்றோர் நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டுகிறார்கள். தட்டையான இரும்புக் கல்லில் சாசேஜும் வெங்காயமும் வதங்கிக்கொண்டிருந்தன. ஒற்றை ரொட்டித் துண்டை மூலைவாட்டில் பிடித்து, வெங்காயத்தை முதலில் பரப்பி, மேலே சாசேஜை வைத்து, தக்காளி சாஸை ஊற்றி, காகிதக் கைக்குட்டையில் சுற்றித் தருகிறார்கள். இறைச்சி உண்ணாத எனக்கு வெங்காயம் மட்டும் வைத்து இருமடங்காகத் தந்தார்கள்.

வெங்காயம் நறுக்கியவர் பள்ளி ஆசிரியை. அவரே கிராமத் தீயணைப்புப் படையின் தொண்டர், தேவாலயத்தில் பியானோ வாசிப்பவரும் அவரே. நடுவராக ஓடியவர் மின் நிலைய எலக்ட்ரீஷியன். புள்ளிகளை எழுதியவர் மருந்துக்கடைக்காரர். ஒருவரே மூன்று நான்கு பொறுப்புகளை ஏற்காவிட்டால் இங்கே எதுவும் நடக்காது. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். அவர்களுக்குக் களைப்பு உண்டு, சலிப்பு உண்டு. விலகிக்கொண்டால் அடுத்த ஆள் இல்லை என்ற கவலையும் உண்டு. நெட்பால் சங்கத்துக்குச் செயலாளர் கிடைக்காமல் சென்ற பருவம் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டதாம்.

பிற்பகலில் மேற்கே பனானா வரை போய்வந்தோம். மஞ்சள் நிறத்து வண்டிமாடு ஒன்றின் பெயரே ஊருக்கு நிலைத்திருக்கிறது. முரட்டு மாடுகளைப் பட்டிக்குள் கொண்டுவர அந்த மாட்டை முன்னே விட்டு ஓட்டினார்களாம். அதற்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டினால் மூரா. 1994 ஆகஸ்டில் அங்குள்ள நிலத்தடிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்கு முன் அந்தச் சுரங்கப் பகுதியில் 1975இல் 13 பேர், 1986இல் 12 பேர். காலையில் மைதானத்தில் மூரா அணியின் தந்தையரைப் பார்த்தபோது, அவர்களுள் சிலர் 1994இல் பள்ளிச் சிறுவர்களாக இருந்திருப்பார்கள் என்று தோன்றியது.

ஞாயிறு

காலைட் அணைக்கட்டில் மதியம் கழிந்தது. மின் நிலையத்துக்குக் குளிர்விக்கும் நீர் வழங்க 1965இல் கட்டிய அணை. பாரமுண்டி மீன்குஞ்சுகளை விட்டு வளர்த்திருப்பதால் ஞாயிறுதோறும் தூண்டில்காரர்கள் கூடுகிறார்கள். தங்கை தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி வந்திருந்தாள். உளுந்தும் பெருங்காயமும் வாங்க மாதம் ஒருமுறை ராக்ஹாம்ப்டன் போய்வருகிறாளாம், கறிவேப்பிலைச் செடி மட்டும் கொல்லையிலேயே தழைத்துவிட்டது.

நீருக்கு அப்பால் புகைபோக்கிகள் தெரிந்தன. நிலக்கரி நிலையங்களை எப்போது மூடுவது என்பது மாநில அரசியலில் ஓயாத வாதம். கரியமிலவாயுவைக் குறைக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வாதத்தை நான் இதுவரை நகரத்தில் அமர்ந்துதான் கேட்டிருக்கிறேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் மின் நிலையத்தில் தொழில் பழகுபவர். காற்றாலையிலும் சூரியமின் பண்ணையிலும் தம் படிப்புக்கு வேலை உண்டு என்பதை அவர் அறிவார். கட்டி முடித்தபின் அந்த இடங்களில் எத்தனை பேர் நிரந்தரமாகத் தேவைப்படுவார்கள் என்பதே அவருடைய கேள்வி. நூறு குடும்பங்கள் போனால் பள்ளியில் ஆசிரியர் குறைவார், மருத்துவமனையில் ஒரு பிரிவு குறையும், நெட்பால் அணி இருக்காது என்று விரல்விட்டு எண்ணினார். மூடும் தேதியைச் சொல்பவர்கள் அடுத்த வேலையின் தேதியையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை என்றே எனக்குப் படுகிறது.

நாளை அதிகாலை புறப்படுகிறேன். தங்கையின் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. பிரிஸ்பேனில் பெரிய மருத்துவமனை ஒன்றிலிருந்து அழைப்பும் வந்திருக்கிறது. இரவு சாப்பிடும்போது, இங்கேயே இன்னும் ஈராண்டுகளுக்கு நீட்டிக்கச் சொல்லி வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அத்துடன், நெட்பால் சங்கத்தின் கணக்கு எழுதவும் ஒப்புக்கொண்டிருக்கிறாளாம். நெட்பால் விதிகள் இனிமேல்தான் படிக்க வேண்டும் என்றாள்.